கவச உடையைக் கழற்ற ஓர் இடம் வேண்டும்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். தொற்று நோயாளி அறையிலிருந்து வந்ததும் நடைபாதையிலேயே நின்றுதான் கவுன், கையுறை எல்லாம் கழற்றுகிறோம், சோறு கொண்டு வரும் சொந்தக்காரர்கள் உரசிக்கொண்டு போகிறார்கள். கழற்றும் முறை தெரிந்தால் போதாதா, இடமுமா முக்கியம்? (வாசகி)

பதில்: இடமும் முக்கியம்தான் சகோதரி. போடும்போது உடை சுத்தமாக இருக்கிறது, கழற்றும்போதுதான் அதன் வெளிப்பக்கம் முழுக்க அழுக்கு. சித்திரை வெயிலில் உள்ளே வியர்த்து ஊற்றி, எப்போதடா பிய்த்து எறிவோம் என்று வருகிறவருக்கு முழங்கை நீட்ட இடமில்லை என்றால் கை தானாக முகத்துக்குப் போகும். 2014-ல் அமெரிக்காவின் டல்லாஸில் எபோலா நோயாளியைக் கவனித்த இரண்டு நர்ஸ்களுக்குத் தொற்றியது. அதன் பிறகு, எபோலா வார்டுகளில் கழற்றும்போது பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று படிப்படியாகச் சொல்ல வேண்டும் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. வழிமுறை கொடுத்தது. அவர் நிற்கவும் இடம் வேண்டுமே!

புதுக் கட்டடம் தேவையில்லை. நோயாளி அறை வாசலை ஒட்டிய பழைய ஸ்டோர் ரூமைக் கேளுங்கள். அழுக்குப் பக்கத்தையும் சுத்தப் பக்கத்தையும் பிரிக்கத் தரையில் ஒரு மஞ்சள் கோடு, ஆளுயரக் கண்ணாடி, காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டி, கையெட்டும் தூரத்தில் சானிடைசர், ஷூ உறை கழற்ற ஒரு ஸ்டூல். அப்புறம், முடிந்தால் உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் வேறு வேறாக இருந்தால் நல்லது. மாஸ்க் மட்டும் கடைசியில், நோயாளி அறைக் கதவைச் சாத்திய பிறகு.