பையன் ஸ்டாப்பர், ஏஜென்ட் போர்ச்சுகல் கூப்பிடுகிறார்: பணம் கட்டலாமா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகனுக்கு 17 வயது, ஆறடி உயரம், சென்னை கால்பந்து லீகில் ஸ்டாப்பராக, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் சென்டர்பேக்காக ஆடுகிறான். போர்ச்சுகலில் பத்து நாள் ட்ரையல், டூரிஸ்ட் விசா, அங்கேயே கிளப் ஒப்பந்தம் உறுதி, மொத்தம் மூன்றரை லட்சம் என்று ஒரு ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் பேசுகிறாராம். 50,000 ரூபாய் அட்வான்ஸ் ஜிபே பண்ணியாகிவிட்டது, மீதியைக் கட்டலாமா என்பது கேள்வி.

கட்டாதீர்கள் சார்.

முதல் காரணம் வயது. 18 முடியாத ஆட்டக்காரரை வேறு நாட்டு கிளப் பதிவு செய்துகொள்ள உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அனுமதிப்பதில்லை. விதிவிலக்குகள் உண்டு, கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் அந்த நாட்டில் குடியேறுவது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே 16 வயதுக்கு மேல் இடம் மாறுவது, எல்லையை ஒட்டி வசிப்பது என்று, ஆனால் உங்கள் வீட்டுக்கு அதில் எதுவும் பொருந்தாது. அப்படியிருக்க ஒப்பந்தம் உறுதி என்கிறவருக்கு ஒன்று விதி தெரியவில்லை, இல்லை தெரிந்தே கதை விடுகிறார். பெரும்பாலும் அவர் காட்டப்போவது மாதாமாதம் நீங்களே பணம் கட்டும் தனியார் அகாடமியாக இருக்கும். 2023 ஜூனில் போர்ச்சுகலிலேயே அப்படி ஓர் அகாடமியில் சோதனை நடந்து, ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பையன்களை, 18 ஆகாதவர்கள் உட்பட, ஆள்கடத்தலுக்கு ஆளானவர்களாகக் கணக்கெடுத்து மீட்டார்கள்.

இரண்டாவது காரணத்தை யாரும் சொல்வதில்லை, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. ட்ரையல் என்பதே டிஃபெண்டருக்குச் சாதகமான இடம் இல்லை. ஃபார்வர்டு ஒரு பந்தை வலைக்குள் அடித்தால் போதும், கோச் பேரைக் குறித்துக்கொள்வார். ஸ்டாப்பரின் வேலை பக்கத்து ஆளோடு சேர்ந்து லைனை, அதாவது டிஃபெண்டர்கள் நிற்கும் வரிசையை, முன்னால் ஏற்றுவது, பின்னால் இறக்குவது, கீப்பரோடு கத்திப் பேசுவது, ஓரத்து டிஃபெண்டரான ஃபுல்பேக் முன்னால் போனதும் அந்த இடத்தை மூடுவது. முன்பின் பார்க்காத 21 பேரோடு, பாஷை தெரியாமல், அரை மணி நேரத்தில் இதில் எதைக் காட்ட முடியும்? உங்கள் பையன் மட்டும் சரியாக லைன் ஏறி, பக்கத்து ஆள் ஏறாமல் நின்றுவிட்டால், பந்து பின்னால் போய் கோல் விழும்போது மாட்டிக்கொள்வது உங்கள் பையன்தான்.

இன்னொன்று, அங்கே போனால் அவன்தான் ஃபாரினர். இங்கே நாம் வெளிநாட்டு டிஃபெண்டர்களை எப்படிப் பார்த்தோம்? 2018 மார்ச்சில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதி ஆட்டம், சென்னையின் எஃப்சி பெங்களூரை அவர்கள் மைதானத்திலேயே 3-2 என்று வென்றது. அதில் இரண்டு கோல் பிரேசில் சென்டர்பேக் மயில்சன் ஆல்வெஸ் கார்னரில் தலையால் போட்டது. ஒரு கிளப் வெளிநாட்டு ஸ்டாப்பருக்குச் செலவு செய்தால் உள்ளூர் ஆளிடம் இல்லாத ஒன்றை இப்படித்தான் எதிர்பார்க்கும். அரசுகளும் அப்படியே: நெதர்லாந்தில் 20 வயதோ அதற்கு மேலோ ஆன, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் ஆட்டக்காரருக்கு முதல் டிவிஷன் சராசரி சம்பளத்தில் 150 சதவீதம் கொடுத்தாக வேண்டும், 18, 19 வயதென்றால் 75 சதவீதம். இந்திய ஃபார்வர்டு சுனில் சேத்ரியையே 2009-ல் லண்டன் கிளப்பான க்யூபிஆர் எடுக்க நினைத்தபோது, இந்தியாவின் தரவரிசை போதாது என்று இங்கிலாந்தில் வேலை அனுமதி மறுத்தார்கள்.

அதற்காக வெளிநாடே வெறும் பகல்கனவு என்று சொல்லவில்லை. சந்தேஷ் ஜிங்கன் நம்ம நாட்டு ஆள், சென்டர்பேக், 2021-ல் குரோஷியாவின் முதல் டிவிஷன் கிளப்பான ஷிபெனிக்குக்குப் போனார். பயிற்சியில் காயம், ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 2022 ஜனவரியில் கொல்கத்தா திரும்பினார். வருத்தம்தான், ஆனால் அவர் போனது ஐஎஸ்எல்லிலும் இந்திய அணியிலும் வருடக்கணக்காக ஆடிய பிறகு, கையில் ஒப்பந்தத்தோடு. அதனால் திரும்பி வந்தபோதும் அவருக்கு இங்கே இடம் இருந்தது.

சரி, இப்போது என்ன செய்வது? மிச்சமிருக்கும் மூன்று லட்சத்தைத் தொடாதீர்கள், அதில் கொஞ்சத்தை மட்டும் வீடியோவுக்குச் செலவு செய்யுங்கள். பாட்டு போட்டு வெட்டி ஒட்டிய இரண்டு நிமிட ஹைலைட்ஸ் வேண்டாம். நடுக்கோட்டுக்கு நேராகக் கொஞ்சம் உயரத்தில் கேமராவை வைத்து, முழு 90 நிமிடமும், தோற்ற ஆட்டமும் சேர்த்து எடுங்கள். பந்து எதிர்முனையில் இருக்கும்போது ஸ்டாப்பர் எங்கே நிற்கிறான் என்று அதில்தான் தெரியும், ஸ்கவுட் பார்ப்பதும் அதைத்தான். அப்புறம் இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யும் சிஆர்எஸ் தளத்தில் அவன் பேரும் கிளப்பும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 12 வயதிலிருந்து 21 வரை யார் வளர்த்தார்கள் என்ற கணக்கில் பழைய கிளப்புகளுக்குப் புது கிளப் பயிற்சி இழப்பீடு கட்ட வேண்டும், சின்ன வெளிநாட்டு கிளப் அந்தத் தொகையைப் பார்த்தே பின்வாங்கும், அதனால் உங்கள் கிளப்பிடம் இதை இப்போதே பேசி வைப்பது நல்லது. முதல் ஒப்பந்தம் ஐஎஸ்எல்லுக்கு அடுத்த படியில் இருக்கும் லீகிலோ ஐஎஸ்எல் ரிசர்வ் அணியிலோ இங்கேயே அமையட்டும்.

பிறகு ஒருநாள் வெளிநாட்டு ஒப்பந்தம் வந்தால் சம்பளத்துக்கு முன்னால் காயம், சிகிச்சை, இன்ஷூரன்ஸ் பக்கத்தைப் படியுங்கள். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால் 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்து வெளியேற ஃபிஃபா விதியே இடம் தருகிறது, அதற்கும் வழி ஒப்பந்தம் இருந்தால்தான்.

இந்த ஏஜென்ட்டிடம் இரண்டே விஷயம் கேளுங்கள்: ஃபிஃபா உரிம எண், கிளப் லெட்டர்ஹெட்டில் அழைப்புக் கடிதம். 2023 அக்டோபரிலிருந்து உரிமம் இல்லாமல் யாரும் ஏஜென்ட் வேலை பார்க்கக் கூடாது, பெயர் ஃபிஃபா தளத்தில் இருக்கிறதா என்று நீங்களே தேடலாம். கடிதம் வந்தால் அதிலிருக்கும் நம்பருக்குப் போகாமல், கிளப்பின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். இரண்டும் வரவில்லை என்றால் 50,000-ஐத் திருப்பித் தரச் சொல்லி வாட்ஸ்அப்பிலேயே எழுத்தில் கேளுங்கள், எந்த சாட்டையும் அழிக்காதீர்கள், இழுத்தடித்தால் ஜிபே ரசீதோடு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். நாள் கடந்தால் பணம் கைமாறிப் போய்விடும்.