சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டீர்கள்

கேள்வி: இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு வருட முதுகலைப் படிப்பை முடித்துவிட்டுச் செப்டம்பர் கடைசியில் ஊர் திரும்பினேன். அங்கே ஒரே வீட்டில் ஐந்து பெண்கள் இருந்தோம். ஒருத்தி நைஜீரியா, ஒருத்தி சீனா, ஒருத்தி கொலம்பியா, ஒருத்தி இந்தோனேசியா, அப்புறம் நான். கூடப்பிறந்தவர்கள் மாதிரிதான் பழகினோம். குட்பை சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று, விடியற்காலை நாலு மணிக்கு யாரையும் எழுப்பாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தோகா விமான நிலையத்திலிருந்து வாட்ஸ்அப் குழுவில் 'ஸாரி' என்று ஒரு வரி போட்டேன். அதற்குப் பிறகு எந்தச் செய்திக்கும் பதில் எழுத முடியவில்லை. இங்கே வேலையும் கிடைக்கவில்லை, வீட்டிலும் ஒட்டவில்லை. 'உன் ரைஸ் குக்கர் இங்கேதான் இருக்கிறது, என்ன செய்யட்டும்?' என்று நைஜீரியத் தோழி கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. அப்பத்தா, 'எல்லாம் ரயில் சிநேகம்தான், மறந்துட்டு வேலையப் பாரு' என்கிறார். மறக்க ஒரு வழி சொல்லுங்கள்.
— வாசகி, கோட்டையூர்

பதில்: வழி தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். நீங்கள் செய்தது தப்பு. முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுகிறேன்.

அழுகை வரும் என்று பயந்தீர்கள். சரி, வந்தால் என்ன? சமையலறையில் நின்று ஐந்து பேரும் ஒரு பாட்டம் அழுதிருப்பீர்கள். அப்புறம் ஒருத்தி தேநீர் போட்டிருப்பாள். இன்னொருத்தி தூக்கக் கலக்கத்தோடு உங்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு ரயிலடி வரைக்கும் வந்திருப்பாள். அதையெல்லாம் தவிர்த்துவிட்டு வந்ததில் உங்களுக்குக் கொஞ்சம் அழுகை மிச்சமாயிருக்கலாம். அவர்களுக்கு என்ன மிச்சம்? காலையில் காபி போட எழுந்து வந்தவள் உங்கள் அறைக்கதவு திறந்து கிடப்பதைப் பார்த்திருப்பாள். உள்ளே வெறும் மெத்தை. 'நேற்று ராத்திரி நான் ஏதாவது சொல்லிவிட்டேனோ' என்று நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் யோசித்திருப்பார்கள். குழுவில் போட்ட ஒரு 'ஸாரி' அதற்குப் பதில் ஆகாது.

குட்பை என்ற அந்தச் சொல்தான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் அதற்கு நேரான சொல் ஒன்று கிடையாது. 'சொல்லிக்கிறேன்' என்போம், 'போயிட்டு வாரேன்' என்போம். விசேஷ வீட்டில் சாப்பிட்டு வெற்றிலை பாக்கும் வாங்கிய பிறகு, பெரிய ஆச்சி இரண்டாம்கட்டில் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தாலும் தேடிப்போய், அவர் காதில் விழும்படி சொல்லிக்கொண்டுதான் படி இறங்குவோம். சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டால் மறுநாள் ஆள் விட்டுக் கேட்பார்கள், 'என்ன, ஏதும் மனத்தாங்கலா?' என்று. உங்கள் தோழி குக்கரைப் பற்றிக் கேட்டது அப்படி ஆள் விட்டுக் கேட்டதுதான். லீட்ஸில் ஒரு குக்கரை என்ன செய்வது என்று அவளுக்கா தெரியாது? அவள் கேட்டதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியாமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

உங்கள் இந்தோனேசியத் தோழியின் மொழியில் விடைபெற இரண்டு சொல் உண்டு. போகிறவர் இருப்பவரிடம் 'செலாமத் திங்கல்' என்பார். நல்லபடியாக இரு என்று அர்த்தம். இருப்பவர் போகிறவரிடம் 'செலாமத் ஜாலான்' என்பார். நல்லபடியாகப் போ என்று அர்த்தம். மலாயா போய் வந்தவர்கள் இருந்த வீடுகளில் இந்தச் சொற்கள் புதிதில்லை. நைஜீரியத் தோழி யோருபா பேசுகிறவளாக இருந்தால் 'ஓ டாபோ' என்றிருப்பாள். திரும்பி வரும்வரைக்கும் என்பது அதன் பொருள். நம் 'போயிட்டு வாரேன்' மாதிரியேதான். இதில் ஒன்றைக்கூட அவர்கள் சொல்ல நீங்கள் விடவில்லை.

அப்பத்தாவிடம் நான் சண்டைக்கு வரவில்லை. பேத்தி வாடிக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனால் 'ரயில் சிநேகம்' என்பதை மட்டும் செட்டிநாட்டில் இருந்துகொண்டு யாரும் சொல்லக்கூடாது. நம் பக்கத்தில் தண்ணீர்மலை என்று எத்தனை ஐயாக்களுக்குப் பெயர்! அது பினாங்கில் அருவிக்குப் பக்கத்தில் மலைமேல் இருக்கிற முருகன். மூன்று வருடக் கணக்கில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போன ஊரின் சாமியைக் கொண்டுவந்து பிள்ளைக்குப் பெயராக வைத்தவர்கள் நாம். விசேஷத்துக்கு விசேஷம் கிளறுகிற கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது. போன இடத்துப் பழக்கம் போன இடத்தோடு போகும் என்றால் இந்த இரண்டும் இங்கே தங்கியிருக்காது.

அப்புறம், ஒரு வருடப் பழக்கத்தை வருடத்தை வைத்து எடை போடாதீர்கள். இங்கே கல்லூரித் தோழிக்கு வீடு இருக்கிறது, அத்தை மாமா இருக்கிறார்கள், நீங்கள் இல்லாவிட்டாலும் பத்துப் பேர் இருக்கிறார்கள். அங்கே உங்களுக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்டிக் கஞ்சி கொடுக்க அந்த நாலு பேரை விட்டால் ஆள் கிடையாது. அவர்களுக்கும் அப்படியே. செப்டம்பருக்குச் செப்டம்பர் முடிந்துவிடுகிற படிப்பு அது. ஐந்து பேரும் ஒரே மாதத்தில் திசைக்கொருவராகப் பிரிவீர்கள் என்பது வந்த அன்றைக்கே தெரியும். தெரிந்தும் பழகினீர்களே, அது லேசான விஷயமில்லை.

எங்கள் ஐயாவை, அதாவது தாத்தாவை, பற்றிச் சொல்கிறேன். பர்மாவில் பெகு என்ற ஊரில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடிப் பையனாக, போய்ச் சேர்ந்து, முதலாளியின் பொறுப்பாளரான மேலாளுக்கு அடுத்த இடமான அடுத்தாள் வரைக்கும் வந்தவர். கடைக்கு எதிரே ஒரு பர்மியர் சுருட்டுக்கடை வைத்திருந்தார். ஐயா வயதுதான் அவருக்கும். ஐயாவுக்குப் பர்மிய எழுத்து கற்றுக்கொடுத்தவர் அவர். ஒரு மழைக்காலத்தில், வசூலுக்குக் கிளம்பிய ஐயா நனையாமல் போகட்டும் என்று தன் குடையைக் கொடுத்தார். மூங்கில் காம்பு, மூங்கில் கம்பி, பிசின் பூசிய துணி. நாளைக்குத் தருகிறேன், நாளைக்குத் தருகிறேன் என்று அந்தக் குடை கடையிலேயே கிடந்தது.

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு போட்டது. அடுத்த மாதம் ஒரு நடுராத்திரியில் மேலாள் வந்து தட்டி எழுப்பி, 'இப்பவே கிளம்பணும்' என்றாராம். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். எதிர்க்கடை சாத்தியிருந்தது. கதவைத் தட்டலாமா என்று ஐயா ஒரு நிமிடம் நின்றிருக்கிறார். தூங்குகிற மனிதரை எழுப்பிக் கலவரப்படுத்துவானேன் என்று தட்டாமல் நடந்துவிட்டார். புரோம் வழியாகத் தாங்குப் கணவாய் ஏறி, அக்கியாபில் படகு பிடித்து, சிட்டகாங் வந்து, அங்கிருந்து ஊர். வழியெல்லாம் காலராவில் விழுந்து கிடந்த மனிதர்கள். வெயிலுக்கு ஐயா பிடித்துக்கொண்டு வந்தது அந்தக் குடையைத்தான்.

எனக்கு நினைவு தெரிந்தபோது அது இரண்டாம்கட்டில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. துணி இற்றுப்போய்க் கம்பிகளும் காம்பும் மட்டும் மிச்சம். ஐப்பசியில் முதல் மழை பெய்ததும் ஐயா அதை இறக்கித் துடைத்து, கம்பிகளுக்கு ஒவ்வொன்றாக விளக்கெண்ணெய் தடவுவார். பிள்ளைகள் நாங்கள் தொட்டால் திட்டு விழும். சண்டை ஓய்ந்த பிறகு பெகுவுக்கு இரண்டு கடிதம் போட்டுப் பார்த்திருக்கிறார். பதில் இல்லை. பர்மாவில் போன நிலத்தையும் பணத்தையும் பற்றி மற்றவர்கள் முகப்பில் உட்கார்ந்து பேசும்போது ஐயா பேசவே மாட்டார். ஒரே ஒரு தடவை என்னிடம், 'ஒரு நிமிசம்தான், தட்டியிருக்கலாம். சொல்லிக்காம வந்துட்டேன்' என்றார். அப்போது அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது.

அவருக்காவது தலைக்குமேல் விமானம் வந்தது. உங்களுக்கு என்ன வந்தது?

கடிந்து சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் காரியம் இன்னும் கைமீறிப் போகவில்லை, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். குழுவில் பொதுவாக எழுதாதீர்கள். ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகக் கூப்பிடுங்கள். நம் நேரம் ராத்திரி எட்டு மணி தோதாக இருக்கும். லீட்ஸில் இப்போது மதியம் இரண்டரை, கொலம்பியாவில் காலை ஒன்பதரை, ஜாவாப் பக்கம் என்றால் ராத்திரி ஒன்பதரை. வேலை கிடைக்கவில்லை, வீட்டில் ஒட்டவில்லை என்கிற உங்கள் கதையை முதல் வாய்க்கே ஆரம்பிக்க வேண்டாம். 'எழுப்பாமல் வந்தது தப்பு, அழுதுவிடுவேன் என்று பயந்தேன்' என்று சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். செப்டம்பரில் வர வேண்டியது இப்போது வருகிறது, அவ்வளவுதான்.

சீனத் தோழி விஷயத்தில்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அவளும் ஊர் திரும்பியிருந்தால், நீங்கள் வாட்ஸ்அப்பில் எழுதுவது அவளுக்குப் போய்ச் சேராது. அது சீனாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அவர்கள் பயன்படுத்தும் வீசாட் இந்தியாவில் 2020 ஜூனிலிருந்து தடை. பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சலை நம்பாதீர்கள். படிப்பு முடிந்தபின் அந்தக் கணக்குகளை மூடிவிடுவது வழக்கம். ஜிமெயிலும் அங்கே திறக்காது. அவளுடைய சீன மின்னஞ்சல் முகவரியையோ வீட்டு முகவரியையோ மற்ற மூவரில் ஒருத்தியிடம் கேட்டு வாங்குங்கள். நீங்கள் பதில் போடாததை மற்றவர்கள் கோபம் என்று எடுத்துக்கொள்ளலாம். அவளோ, நீங்கள் இருக்கிறீர்களா என்பதே தெரியாமல் இருக்கலாம். அவளுக்குக் கையால் ஒரு கடிதம் எழுதுங்கள். காரைக்குடித் தலைமைத் தபால் நிலையத்தில் கொடுத்தால் போய்ச் சேரும். கூடவே ஏதாவது அனுப்ப ஆசைப்பட்டால் மாவுருண்டை, தேன்குழல் எல்லாம் வேண்டாம், சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். கண்டாங்கித் துணியில் ஒரு சின்னத் துண்டு போதும். மடித்தால் உறைக்குள் அடங்கிவிடும்.

நாலு பேரும் கடைசிவரைக்கும் கூட வருவார்கள் என்று நான் சொல்லவில்லை. கல்யாணம், வேலை, பிள்ளை என்று ஆனபின் ஒருத்தியோ இரண்டு பேரோதான் மிஞ்சுவார்கள். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. எத்தனை வருடம் நீடிக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. சொல்லிக்கொள்வது உங்கள் கையில் இருந்தது, இன்னும் இருக்கிறது.

அடுத்த ஆண்டு படிக்கக் கிளம்பும் பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைசி வாரத்தில் எல்லோரையும் கூட்டி ஒரு பார்ட்டி வைத்துவிட்டு அதோடு விடைபெற்றதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சத்தத்தில் யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை. ஒரு ஆளுக்கு ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். வீட்டு முகவரியை ஒரு நோட்டில் அவர்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள். அந்த ஊர் சிம் காலாவதியாகும் முன் வாட்ஸ்அப்பில் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

கோட்டையூர் வாசகிக்கு: நைஜீரியத் தோழி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. எப்போது காலி செய்வாளோ. குக்கரை என்ன செய்யட்டும் என்று அவள் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. இன்றைக்கு எட்டு மணிக்கு முதல் போன் அவளுக்குப் போடுங்கள். அதை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதில் சோறு எப்படி வைப்பீர்கள் என்றும் சொல்லிக்கொடுங்கள்.