கூடுதல் சம்பளம் கூப்பிடுகிறது, கிளம்பலாமா?

ஏப்ரல், மே மாதங்களில் சம்பள உயர்வுக் கடிதம் வந்த மறுவாரத்திலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "வேறு இடத்தில் கூடுதலாகத் தருகிறேன் என்கிறார்கள், போகலாமா?" தொழிற்சாலைகளின் பணியாளர் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவள் நான். ஆள் எடுத்ததும் என் கைதான், விடைகொடுத்து அனுப்பியதும் என் கைதான். யாரையும் போகாதே என்று தடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முந்தைய இரவாவது காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள் என்றுதான் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறேன். கையில் 42,000 ரூபாய் வருகிறது. பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 8.4 லட்சம் என்று கடிதம் கொடுத்துவிட்டது. மாதம் 70,000! இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். (வாசகர், ஸ்ரீபெரும்புதூர்)

நீங்கள் அனுப்பிய கடிதத்தின் கடைசிப் பக்கத்தை நண்பர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். 8.4 லட்சம் என்பது உங்களுக்காக நிறுவனம் செய்யப்போகும் மொத்தச் செலவு. அதில் உங்கள் கைக்கு வராதவற்றை ஒவ்வொன்றாகப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தேன்.

அடிப்படைச் சம்பளம் மாதம் 35,000. அதில் 12 சதவீதமாக நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி ஆண்டுக்கு 50,400. நீண்டகாலம் வேலை பார்த்து விலகுபவருக்குத் தரும் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) என்று ஒதுக்கியிருப்பது சுமார் 20,200. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 12,000. செயல்திறனைப் பொறுத்து ஆண்டு முடிவில் தரப்படும் தொகை 1,20,000. இந்த நான்கையும் கழித்தால் மிஞ்சுவது சுமார் 6,37,400, அதாவது மாதம் 53,100. அதிலிருந்து உங்கள் பங்கு வைப்பு நிதி 4,200 போகும், தொழில் வரிக்கு மாதம் ஏறக்குறைய 200 போகும். புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆக, வங்கிக் கணக்கில் விழப்போவது 48,700. நண்பர்கள் சொன்ன 28,000 ரூபாய் வித்தியாசம் 6,700 ஆகிவிட்டது. வைப்பு நிதி உங்கள் பணம்தான், பின்னால் வரும். ஆனால் மாத வாடகையை அதைக்கொண்டு கட்ட முடியாது.

இப்போது உங்கள் தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வருகிறது, கேன்டீனில் இரண்டு வேளை சாப்பாடு பெயரளவு விலைக்குக் கிடைக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாடகை 7,500. அங்கே நீங்கள் பார்த்துவைத்த வீடு 13,000. வாடகையில் மட்டும் 5,500 கூடுகிறது. சாப்பாட்டையும் போக்குவரத்தையும் சேர்த்தால் உயர்ந்த சம்பளம் முழுவதும் கரைந்து, கையிலிருந்தும் கொஞ்சம் போகும்.

இதோடு முடிந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்தின் நடுவே ஒரு வரி இருக்கிறது: புதிய இடத்தில் மின்சார வாகனங்களின் பேட்டரிச் சோதனைப் பிரிவில் வேலை. ஆறு ஆண்டுகளாக ஒரே பாகத்தை அளந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது பெரிய வாசல். அதற்காகப் போவதானால் போகலாம். கையெழுத்துப் போடுமுன் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். அந்த 1,20,000 ரூபாயில் பாதியையாவது மாதச் சம்பளத்தில் சேர்க்க முடியுமா? கடந்த இரண்டு ஆண்டுகளில் உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு அந்தத் தொகையில் எத்தனை சதவீதம் உண்மையில் கிடைத்தது? இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால், அந்தத் தொகையே இல்லை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பம்ப் தொழிற்சாலையில் நிரந்தரப் பணி, 4 ஆண்டு 7 மாதம் ஆகிறது. அடிப்படைச் சம்பளம் 24,000. புதிய நிறுவனம் இரண்டு மாதத்தில் சேரச் சொல்கிறது. பணிக்கொடை போய்விடுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

போய்விடக்கூடும். ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். அகவிலைப்படி தனியாக இல்லாததால், ஐந்து ஆண்டுக்கு உங்களுக்கு வர வேண்டியது 69,230 ரூபாய். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், குறிப்பிட்ட காலத்துக்கு என்று நேரடியாக எடுக்கப்பட்டவர்களுக்கு ஓராண்டு போதும். நிரந்தரப் பணியாளருக்கு அதே ஐந்து ஆண்டுதான்.

ஐந்தாம் ஆண்டில் 240 நாட்கள் வேலை பார்த்திருந்தாலே ஐந்து ஆண்டாகக் கொள்ளலாம் என்று பழைய பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நீங்கள் விலகும் நாளில் அந்தக் கணக்குக்குள் வரக்கூடும். ஆனால் இதைக் கேட்டதும் கொடுத்துவிடும் நிறுவனங்களும் உண்டு, ஐந்து ஆண்டு முழுதாக முடியட்டும் என்று மறுத்து உங்களைத் தொழிலாளர் துறைக்கு அலையவிடும் நிறுவனங்களும் உண்டு. உங்கள் கணக்குப் பிரிவு எந்த வகை என்று, சமீபத்தில் விலகிய ஒருவரிடம் விசாரித்துவிடுங்கள். நோட்டீஸ் காலமும் பணிக்காலம்தான் என்பதை மறக்க வேண்டாம். புதிய நிறுவனத்திடம் மூன்று மாதம் கூடுதலாகக் கேளுங்கள். முடியாது என்றால், இழக்கப்போகும் தொகையைச் சேரும்போது தருவீர்களா என்று கேளுங்கள். நான் அந்தப் பக்கம் இருந்தபோது, கணக்கோடு வந்து கேட்டவர்களுக்குப் பலமுறை கொடுத்திருக்கிறேன்.

"உங்களைத் தேர்வு செய்துவிட்டோம், ராஜினாமா கொடுத்துவிடுங்கள், கடிதம் அடுத்த வாரம் வரும்" என்று தொலைபேசியில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகி, திருச்சி)

கூடாது. கடிதம் வரட்டும். சம்பளம், பதவி, பணியிடம், சேரும் தேதி நான்கும் அதில் இருக்கட்டும். சொன்னவர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கு மேலே இருப்பவர் நாளைக்கே ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. வேலையை விட்டுவிட்டு அந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்திருக்கிறேன்.

மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து 14 மாதம். இரண்டு ஆண்டுக்குள் போனால் 2 லட்சம் கட்ட வேண்டும், போட்டி நிறுவனத்தில் ஓராண்டுக்குச் சேரக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். "பாண்டு எல்லாம் செல்லாது" என்கிறான் அறைத்தோழன். (வாசகர், சென்னை)

தம்பி, இரண்டும் வெவ்வேறு நிபந்தனைகள். விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்பது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி பொதுவாக நீதிமன்றத்தில் நிற்காது. பழைய நிறுவனத்தின் ரகசியங்களை எடுத்துச் செல்லாதவரை அதற்காகப் பயப்பட வேண்டாம்.

குறைந்தபட்சப் பணிக்காலம் அப்படியல்ல. மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கி. ஆள் எடுப்பதற்கு ஆகும் செலவும் காலமும் அந்த வழக்கில் எடைபோடப்பட்டன. உங்கள் விஷயத்தில், எழுதிய தொகை முழுவதும் அப்படியே கிடைத்துவிடும் என்று நிறுவனமும் நினைக்க முடியாது. அதே சட்டத்தின் 74-ஆவது பிரிவு, எழுதிய தொகையை உச்ச வரம்பாக வைத்து நியாயமான இழப்பீட்டைத்தான் தரச் சொல்கிறது. உங்களுக்கு உண்மையில் எத்தனை வாரம் பயிற்சி கொடுத்தார்கள், என்ன செலவு செய்தார்கள் என்பதை வைத்துப் பேசுங்கள். புதிய நிறுவனம் ஒரு பகுதியை ஏற்குமா என்றும் கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். விடுவிப்புக் கடிதம் இல்லாத அந்த 14 மாதம் அடுத்து வரும் ஒவ்வொரு நேர்காணலிலும் உங்களை நிறுத்திக் கேள்வி கேட்கும்.

மூன்று மாதக் கர்ப்பம், இது முதல் குழந்தை. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. 35 சதவீதம் கூடுதல் சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது. (வாசகி, சென்னை)

முதலில் வாழ்த்துகள், அம்மா.

முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. ஆனால் எந்த நிறுவனத்திடம் அதைக் கேட்கிறீர்களோ, அங்கே பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 80 நாட்கள் வேலை பார்த்திருக்க வேண்டும். பழைய நிறுவனத்தில் பார்த்த நாட்கள் இதில் சேராது. உங்களுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. நோட்டீஸ் காலம் இரண்டு மாதம். மிஞ்சும் நான்கு மாதத்தில், வாரம் ஐந்து நாள் வேலை என்றால் 85 நாட்கள்தான் தேறும். இரண்டு வாரம் படுக்கையில் ஓய்வெடுக்க மருத்துவர் சொன்னால் கணக்கு உடைந்துவிடும். 26 வாரச் சம்பளத்தை இவ்வளவு மெல்லிய நூலில் கட்டித் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்த நிறுவனத்திடம் உள்ளதைச் சொல்லி, விடுப்பு முடிந்த பிறகு சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் இருக்கும் இடத்திலேயே இருங்கள். 35 சதவீதம் தரக்கூடிய இன்னொருவர் அடுத்த ஆண்டும் வருவார்.

இப்போதைய நிறுவனத்தின் காப்பீட்டில் அப்பா, அம்மாவும் இருக்கிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, இதய நோய். புதிய நிறுவனத்தில் பெற்றோருக்குக் காப்பீடு இல்லை. (வாசகர், மதுரை)

நிறுவனக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். புதிதாகத் தனிப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டி வரலாம். விலகுவதற்கு முன்பே, இப்போது குழுக் காப்பீடு தரும் அதே நிறுவனத்திடம் தனிப் பாலிசிக்கு மாற எழுத்தில் விண்ணப்பியுங்கள். இதுவரை காப்பீட்டில் இருந்த ஆண்டுகளைக் காத்திருப்புக் காலத்தில் கழித்துக்கொள்வார்களா என்றும் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பிரீமியத்தைப் புதிய சம்பளத்திலிருந்து கழித்துவிட்டு, அதன் பிறகு முடிவெடுங்கள்.

வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்து பைக் வாங்கலாம் என்று இருக்கிறேன். மூன்று ஆண்டுப் பணம். (வாசகர், ஓசூர்)

எடுக்காதீர்கள். வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணான அதே யூ.ஏ.என். எண்ணில் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு தொடர்ச்சி இல்லாமல் எடுத்தால் அந்தப் பணம் வரிக்கு உட்படும். ஓய்வூதியம் பெறத் தேவையான பத்து ஆண்டுக் கணக்கும், இடையில் ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஒன்பது ஆண்டுகளாக ஒரே பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது பையர்களின் (சரக்கு வாங்கும் நிறுவனங்களின்) ஆர்டரை ஆரம்பம் முதல் கப்பலேறும்வரை கவனிப்பவள். முதலாளியை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். தம்பி கல்யாணத்துக்குக் கேட்காமலேயே பணம் கொடுத்தவர். பெரிய ஏற்றுமதி நிறுவனம் ஒன்று ஒன்றரை மடங்கு சம்பளம் தருகிறது. கடிதம் கொடுத்தேன். அதே சம்பளத்தைத் தானே தருகிறேன் என்கிறார் அண்ணா. நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனோ என்று தூக்கமில்லை. (வாசகி, திருப்பூர்)

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்த்த வீட்டுப் பெண். தூக்கம் வராமல் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் ஒன்பது ஆண்டுகள் நீங்களும் அங்கே உப்புப் போட்டிருக்கிறீர்கள். சாயச் சாம்பிளின் நிறம் ஒரு மாற்றுக் குறைந்தாலும் சாயப்பட்டறைக்கு நேரில் போய் நின்றது, பையரின் மின்னஞ்சலுக்கு நள்ளிரவில் பதில் எழுதியது, கப்பல் தேதி தவறி விமானத்தில் சரக்கு அனுப்ப வேண்டிய நஷ்டம் வராமல் காத்தது, எல்லாம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தம்பி கல்யாணப் பணத்தில் பாக்கி இருந்தால், விலகும் நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், அல்லது எப்போது தீர்ப்பீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். அந்தக் கணக்கு அதோடு முடியும்.

போக நினைத்ததற்கு மூன்று காரணம் எழுதியிருக்கிறீர்கள். பையர்களை நேரில் சந்திக்க விடுவதில்லை, அதற்கு எப்போதும் அண்ணாவின் மருமகன்தான் போகிறார் என்பது முதல் காரணம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்பது இரண்டாவது. சம்பளம் மூன்றாவதாகத்தான் வருகிறது. அண்ணா தீர்த்துவைத்திருப்பது அந்த மூன்றாவதை மட்டுமே. ஒன்பது ஆண்டாகத் தராத தொகையை ஒரே நாளில் தர முடிந்திருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அடுத்த முறை பையர் வரும்போது நீங்கள் அந்த மேசையில் உட்காரலாம் என்று தேதியோடு அவர் சொன்னால், இருப்பதைப் பற்றி யோசிக்கலாம். "பார்த்துக்கலாம்மா" என்றால் கிளம்புங்கள். அவர் அப்படித்தான் சொல்வார் என்று நான் நினைக்கிறேன், அதனால் போவதே சரி என்பது என் எண்ணம்.

எப்படிப் போகிறீர்கள் என்பதில்தான் உங்கள் நன்றி தெரியும். இந்த சீசன் ஆர்டரின் கடைசிக் கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பும்வரை இருங்கள், புதிய நிறுவனத்திடம் அதைச் சொன்னால் உங்கள் மதிப்புக் கூடுமே தவிரக் குறையாது. ஒவ்வொரு ஸ்டைலுக்கும் எந்த ஒப்புதல் வந்தது, எது நிலுவையில் இருக்கிறது, எந்த பையர் எதில் கறார் என்பதை ஒரு நோட்டில் எழுதி, உங்கள் இடத்துக்கு வரும் பெண்ணோடு இரண்டு வாரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். பிறகு ஒரு மாலை அம்மாவை அழைத்துக்கொண்டு அண்ணா வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு வாருங்கள்.