செயற்கை உயிரியலில் மனசாட்சியோடு ஒரு வேலை: கேள்வி பதில்

மூன்றாம் ஆண்டு பயோடெக் மாணவி: மேடம், நேர்மையா வேலை பார்க்கணும்னா ஆய்வகத்தை விட்டுட்டு சட்டம், கொள்கைன்னு போகணுமா?

வேண்டாம்மா, செயற்கை உயிரியலில், அதாவது உயிர்களின் மரபணுக்களைப் புதிதாக வடிவமைக்கும் துறையில், ஆய்வகத்திலேயே உங்கள் தேவை அதிகம். டி.என்.ஏ. தயாரித்து விற்கும் நிறுவனங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் வந்ததும் அதில் கேட்டிருக்கும் டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையை ஆபத்தான கிருமிகளின் மரபணுக்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மென்பொருள் எச்சரித்தாலும் முடிவு தெரிந்துவிடாது. தீங்கற்ற பாக்டீரியாவிலும் இருக்கிற சாதாரண மரபணுவாக இருக்கலாம், நச்சுப் புரதத்தின் துண்டாகவும் இருக்கலாம். பிரித்துச் சொல்ல உயிரியல் ஊன்றிப் படித்த ஆள் வேண்டும். கேட்டவர் யார், எந்த ஆய்வகம், எதற்காக என்று விசாரிப்பதும் அவர் பொறுப்பு. 2002-லேயே டி.என்.ஏ. துண்டுகளைக் கோத்து போலியோ வைரஸை உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். அதனால்தான் இந்த வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

முதுகலை மாணவர்: எங்கள் பேராசிரியர் செய்வது தப்பென்று தோன்றினால்? எதிர்த்துப் பேசினால் பரிந்துரைக் கடிதம் கிடைக்காதே?

நியாயமான பயம்தான். முதலில் கேள்வியாகவே கேளுங்கள்: "இதுக்கு உயிரிப் பாதுகாப்புக் குழுவோட அனுமதி எப்ப வந்தது சார்?" பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். மழுப்பினால், நடந்ததைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டு குழுவிடமே போங்கள். பரிந்துரைக்கு ஒரே ஆளை நம்பியும் இருக்காதீர்கள்.

வெறுமனே சொல்லிவிட்டு விடுவது போதாது என்பதற்கு ஓர் உதாரணம்: 2018-ல் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய், கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட குழந்தைகள் பிறந்திருப்பதாக அறிவித்தார். மறு வருடம் அவருக்கு 3 ஆண்டு சிறை. அவர் திட்டம் முன்பே தெரிந்த விஞ்ஞானிகள் இருந்தார்கள். சிலர் "வேண்டாம்" என்று அவரிடம் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் குழந்தைகளுக்கு அது எந்த விதத்திலும் உதவவில்லை.

வேலை தேடுபவர்: நல்ல கம்பெனி என்று எதை வைத்து நம்புவது?

இணையதளத்தில் போட்டிருக்கும் வாசகத்தை வைத்து நம்பாதீர்கள். மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினின் மூலப்பொருளை ஈஸ்ட்டில் தயாரித்தது இந்தத் துறையின் பெருமைகளில் ஒன்று. அதே மருந்துக்காகச் செடி வளர்த்துப் பிழைத்த சிறு விவசாயிகளும் இருந்தார்கள். ஆகவே நேர்காணலில் நீங்களும் கேளுங்கள்: உங்கள் பொருளால் யாருடைய பிழைப்பு அடிபடும், அவர்களிடம் பேசினீர்களா? பாதுகாப்பு கருதி நீங்களே நிறுத்திய திட்டம் ஏதாவது உண்டா? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள்.

மென்பொருள் பொறியாளர்: உயிரியல் படிக்காத எனக்கு இடம் உண்டா?

நிச்சயமாக. மேலே சொன்ன ஒப்பிடும் மென்பொருளை எழுதுவதே உங்களைப் போன்றவர்கள்தான். அடிப்படை மூலக்கூறு உயிரியலை மட்டும் படித்துக்கொண்டு வாருங்கள்.