அட்வென்ச்சர் ஐலண்டு: மறுபடி ஆடுறவங்களுக்குக் கேள்வி பதில்

அஸ்தம்பட்டி: அண்ணா, சின்ன வயசுல டிவி கேம்ல நாலாவது ஏரியா வரைக்கும் போவேன். இப்ப கம்ப்யூட்டர்ல எமுலேட்டர் (பழைய செட்டு மாதிரியே கேமை ஓட்டற மென்பொருள்) போட்டு ஆடினா முதல் ஏரியாவே தாண்ட முடியல. கை போயிடுச்சா?

கை போகலைங்க, வேகம் மாறியிருக்கு. நம்ம ஊர்ல வித்த டிவி கேம் செட்டுல நிறைய, ‘பால்’ (PAL)ங்கற நம்ம ஊர் டிவி முறைக்காக நொடிக்கு 50 ஃபிரேம்ல, அதாவது 50 படத்துல, ஓடினது. ஜப்பான் ஒரிஜினல் 60. அங்கே 60 நொடியில முடியற ஓட்டம் நம்ம செட்டுல 72 நொடி எடுக்கும். உங்க விரல் அந்த 72-க்குப் பழகினது. எஃப்சியூஎக்ஸ், மீசன்ங்கற ரெண்டு எமுலேட்டர்லயும் ரீஜன் செட்டிங்ல ‘டெண்டி’ன்னு (இதே மாதிரி 50 ஃபிரேம் செட்டோட பேர்) ஒண்ணு இருக்கும், அதை வைங்க. பழைய வேகம், பழைய சுருதி ரெண்டும் திரும்பி வரும். ஒரு வாரம் அதுல ஆடிட்டு 60-க்கு மாறுங்க.

இன்னொண்ணு: பி பட்டனை விடாம அழுத்தினாத்தான் ஓட்டம், ஓடித் தாவினாத்தான் உயரம். நின்ன இடத்துலயிருந்து ஏ மட்டும் தட்டினா பாதிப் பள்ளம் தாண்டாது.

ஏற்காடு, ஒண்டிக்கடை: பழைய கேசட் போட்டா திரை முழுக்கக் கட்டம் கட்டமா வருது. ஊதினா சில நேரம் சரியாகுது.

ஊதாதீங்க. சரியானது ஊதினதால இல்ல, கழட்டி மாட்டினதால. வாய் ஈரம் செம்புல பச்சை பூக்க வைக்கும். உங்க மலைப் பனியில சீக்கிரமே பூக்கும். கேசட்டோட அடியில செம்புப் பின், பக்கத்துக்கு 30, மொத்தம் 60. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல பஞ்சுக் குச்சியை நனைச்சு, பின்னோட நீளவாக்குல தேய்ங்க. குச்சி கறுப்பு வராத வரைக்கும் மாத்தி மாத்தி. பத்து நிமிஷம் காயவிட்டு, பவர் ஆஃப்ல அஞ்சாறு தடவை சொருகி எடுங்க. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், மேல்பூச்சு போயிடும்.

அடாப்டரையும் பாருங்க. வோல்ட் மட்டும் ஒத்தா போதாது. நடுமுனை பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு செட்டோட அடியில இருக்கற படத்தைப் பார்த்து மாட்டுங்க. மாறினா உள்ள போர்டு போயிடும்.

சூரமங்கலம்: கேம் ஓவருக்கு அப்புறம் தொடர்ந்து ஆட கண்டினியூ இருக்கா அண்ணா?

இருக்கு. 1-1 (முதல் ஏரியா, முதல் ரவுண்டு) முடியற இடத்துக்குச் சற்று முன்னால கண்ணுக்குத் தெரியாத முட்டை ஒண்ணு; அங்கே குதிச்சுப் பாருங்க, தெரியும். உள்ள ஹட்சன் தேனீ (இந்த கேமை வெளியிட்ட ஹட்சன் நிறுவனத்தோட சின்னம்). எடுத்துட்டா, கேம் ஓவர் ஆனதும் டைட்டில்ல வலது பட்டனைப் பிடிச்சுக்கிட்டு ஸ்டார்ட். பவர் ஆஃப் பண்ணினா தேனீயும் போச்சு.

செவ்வாய்ப்பேட்டை: இது செகா நிறுவனத்தோட வொண்டர் பாய் கேமைத் திருடினது. இதுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

திருட்டு இல்லைங்க. ரெண்டும் 1986. வொண்டர் பாயை உருவாக்கினது எஸ்கேப்ங்கற சின்ன நிறுவனம், பின்னாடி வெஸ்டோன்னு பேர் மாத்திக்கிட்டாங்க. ஆட்டத்தோட உரிமை அவங்க கையில, பேரும் நாயகனும் செகா கையில. ஹட்சன் எஸ்கேப்கிட்ட முறையா உரிமை வாங்கி, தங்களோட விளம்பர ஆள் தகாஹாஷி மெய்ஜினை நாயகனா வெச்சாங்க. நொடிக்கு 16 தடவை பட்டன் தட்டறதுக்குப் பேர் போனவர் அவர்.

செவ்வாய்ப்பேட்டை: தொப்பியை மாத்திட்டா புது கேமா? மேடு பள்ளம் கூட அதே தானே.

அதேதான், மறுக்கல. உரிமையோட செஞ்ச மறுபதிப்பு அப்படித்தான் இருக்கும். இசை வேற, எழுதின இயந்திரம் வேற, கையில வர்ற பிடி வேற. பனித்தரையில ரெண்டையும் ஆடிப் பாருங்க.

ஐந்து ரோடு: செகா செட்டு இங்க யார் வீட்ல இருந்துச்சு? எங்களுக்கு இதுதான் முதல்.

அது உங்க நினைவு, வரலாறு இல்ல. முதல்ல உருவானது வொண்டர் பாய்தான்; செவ்வாய்ப்பேட்டைக்காரர் சொன்னதுல ‘திருட்டு’ங்கறதுதான் தப்பு. இதோட நிறுத்திக்கலாம்.

குகை: கண்டினியூ எப்படி?

சூரமங்கலத்துக்குச் சொன்ன பதில்.

கொண்டலாம்பட்டி: எல்இடி டிவியில பட்டன் தட்டினா லேட்டா குதிக்குது.

படத்தை டிவி சீராக்கற நேரம் அது. கேம் மோடு போடுங்க, மத்த பட மேம்பாடெல்லாம் ஆஃப். இன்னும் தாமதம்னா பழைய குண்டு டிவிதான் வழி.

அம்மாபேட்டை: ஸ்கேட்போர்டு வந்தாலே சாகறேன். கத்தரிக்காய் வேற.

போர்டு நிக்காது, இடது பட்டன் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆனா கல்லுலயோ நத்தையிலயோ மோதினா போர்டு மட்டும் போகும், உயிர் தங்கும். அதனால பள்ளத்தை மட்டும் பாருங்க. தாவணும்னா விளிம்புக்கு வந்ததும் தாவுங்க, முன்கூட்டியே தாவினா நடுவுலயே விழுவீங்க.

கத்தரிக்காய் ஒட்டிக்கிட்டா மேல இருக்கற உயிர்க்கோடு வேகமா கரையும். எந்த முட்டையில என்ன இருக்குங்கறது மாறவே மாறாது. ஒரு தடவை வந்த இடத்தை நோட்டுல குறிச்சு வெச்சு, அடுத்த தடவை அந்த முட்டையைத் தொடாம மேல தாவிப் போங்க.

குகை: 1-1-ல முட்டை எனக்கு வரல. கண்டினியூக்கு வேற குறுக்கு வழி இருக்கா?

வேற இல்ல. கோல் பலகை தெரிஞ்சதும் ஓட்டத்தை நிறுத்தி, பி-யை விட்டுட்டு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு குதி குதிங்க. ஓடிக்கிட்டே குதிச்சா அந்த இடத்தைத் தாண்டிடுவீங்க.

ஆத்தூர்: மாரியோ 3-ல விசில் எங்கே?

இங்க இந்த ஒரு கேம் மட்டும்தாங்க.

ஜங்ஷன்: நாலாவது ரவுண்டு பாஸுக்கு (ஏரியா கடைசியில வர்ற பெரிய எதிரி) கோடாலி பட்டும் ஒண்ணும் ஆகல.

உடம்புல படுது, அதான். தலையில பட்டாத்தான் கணக்கு. தாவி, ஏறும்போதே வீசுங்க. உச்சிக்குப் போய் வீசினா மேல பறந்திடும். அவன் நெருப்பு விட்டதும் அதைத் தாண்டற அதே தாவல்ல வீசிப் பழகுங்க. கோடாலி இல்லாம அங்கே போய் நிக்காதீங்க: செத்தா ஆயுதம் போயிடும், அந்த ரவுண்டுல முதல் வேலை கோடாலி முட்டை.