என்ன டிக்கன்ஸோ!

அன்புள்ள ஐயா,

பழைய ஆங்கிலத் துப்பறியும் கதை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் கிழவர் எரிச்சல் வந்தாலே ‘வாட் த டிக்கன்ஸ்!’ என்கிறார். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸையா சொல்கிறார்? இது வசவா? தமிழில் என்ன போடுவது?

ம.

அன்புள்ள ம.,

நாவலாசிரியர் பாவம், அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கல்லூரி முடிக்கும்வரை நானும் அவர்தான் என்று நினைத்திருந்தேன். அவர் பிறந்தது 1812இல். 1616இல் இறந்துபோன ஷேக்ஸ்பியரின் நாடகத்திலேயே இந்தச் சொல் இருக்கிறது. ‘மெரி வைவ்ஸ் ஆஃப் வின்ட்சர்’ நாடகத்தில் திருமதி பேஜுடன் ஒரு பொடியன் வருகிறான். எங்கே பிடித்தாய் இவனை என்று கேட்டால், அனுப்பிவைத்த ஆளின் பெயர் அவள் வாயில் வரமாட்டேன் என்கிறது. ‘அவர் பெயர் என்ன டிக்கன்ஸோ’ என்கிறாள். அந்த ஆள் ஃபால்ஸ்டாஃப். அவளுக்கே காதல் கடிதம் எழுதியவன். பெயர் மறந்துவிட்டது என்பதை நான் நம்பவில்லை!

உண்மையில் அங்கே வரவேண்டிய சொல் ‘டெவில்’, அதாவது பிசாசு. அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூசி, அதே ‘டி’யில் தொடங்கும் ஒரு சாதாரண மனிதப் பெயரை வைத்துவிட்டார்கள். நம் கிராமங்களில் இருட்டிய பிறகு பாம்பைப் ‘பூச்சி’ என்பார்களே, அந்த மாதிரி.

வசவு என்று சொல்ல முடியாது. பாட்டியும் பாதிரியாரும்கூடச் சொல்லலாம். பெரும்பாலும் என்ன, யார், எங்கே என்ற கேள்விச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். கேள்வியில் கொஞ்சம் எரிச்சலையோ திகைப்பையோ ஏற்றும், அவ்வளவுதான். இன்று யாராவது சொன்னால் வயதானவராக இருப்பார், அல்லது வேடிக்கைக்குச் சொல்வார்.

சரி, தமிழுக்கு வருவோம். வாக்கியத்தில் அச்சாக அதே இடத்தில் உட்காரும் சொல் நம்மிடம் உண்டு: ‘என்ன இழவோ’. ஆனால் இழவில் சாவு இருக்கிறது, காரம் கூடிவிடும். கிழவர் சாதுவானவர் என்றால் ‘என்ன கண்றாவி இது’ போதும். முன்கோபி என்றால் இழவையே கொடுத்துவிடுங்கள். எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லைப் போடவேண்டும் என்றும் இல்லை.

‘அட கடவுளே’ மட்டும் வேண்டாம். அவர் வாயில் வர இருந்தது எதிர்க்கட்சிக்காரன் பெயர்.