பின்வரிசைக்காரர்கள் முதலில் ஏறினால் போதுமா?

கேள்வி: மதுரையில் துபாய் விமானம் ஏறும்போது பின்வரிசைக்காரர்களை முதலில் கூப்பிட்டார்கள். அப்படியும் உள்ளே நெரிசல். ஏன்?
- வாசகர், கீழக்கரை

பதில்: போன பயணத்தில் நானும் மாட்டினேன். எனக்கு முன்னால் ஒரு சபராளி, தொதல் டப்பா துருத்திய பையை மேலே திணிக்க முடியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதுவரை பின்னால் இருபது பேர் சிலை. (என் பையில் கருவாடு, அது வேறு கதை.)

சிக்கலே அந்தப் பைதான். பின்வரிசைக்காரர்கள் ஒரே இடத்தில் கூடினால் ஒருவர் ஏற்ற, மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான். கண்டபடி ஏறுவதே இதைவிட வேகம்! ஜேசன் ஸ்டெஃபன் என்ற வானியற்பியலாளர் 2008-ல் சொன்ன வழி: ஜன்னலோரம் முதலில், அதுவும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை. பலர் ஒரே நேரத்தில் பையை ஏற்றலாம், எழுந்து வழிவிடும் வேலையும் இல்லை. ஆனால் உம்மாவை விட்டுப் பிள்ளை தனியாக ஏறுமா? அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனம் 2023-ல் ஜன்னல், நடு, நடைவழியோரம் என்ற எளிய முறைக்குத் திரும்பியது. குடும்பம் சேர்ந்தே ஏறலாம். மிச்சம், இரண்டு நிமிடம் வரை.

சிரிக்காதீர்கள். தரையில் நிற்கும் விமானம், தடைக்காலத்தில் கட்டிப்போட்ட விசைப்படகு மாதிரி: வரவு இல்லை, செலவு மட்டும் ஓடும். ஒரு நாளில் ஐந்தாறு நடை போகும் விமானத்துக்கு அந்த இரண்டிரண்டு நிமிடத்தைக் கூட்டிப் பாருங்கள்.